பதிவும் சாட்சியும்

தமிழில் 'ரிக்கார்டு' என்ற சொல் பல வேலைகள் செய்கிறது. தாலுகா ஆபீசில் ரிக்கார்டு ரூம் என்றால் பழைய பட்டாவும் அடங்கலும் கட்டுக்கட்டாகக் கிடக்கிற அறை. டீக்கடையில் 'ரிக்கார்டு போடு' என்றால் பாட்டு. திருவிழாவில் ரிக்கார்டு டான்ஸ். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் இன்னொருவன் ரிக்கார்டை முறிக்கிறான். பறவை பார்க்கிறவர்கள் 'இந்த மாவட்டத்துக்கு இதுதான் முதல் ரிக்கார்டு' என்கிறார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்தால் இது ஆவணம், இசைத்தட்டு, சாதனை, பதிவு என்று நான்காகப் பிரிந்துவிடும். பிரிவது அகராதிக்கு நல்லது. ஆனால் பேச்சில் பிரியாமல் கிடக்கும் வரையில்தான் இதற்குள் இருக்கிற பிரச்னை உயிரோடு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

இச்சொல்லின் லத்தீன் மூலத்துக்குள் இருப்பது இதயம். நழுவிப் போனதை மறுபடி நெஞ்சுக்குக் கொண்டு வருவது என்று பொருள். நம் சொல்லான பதிவில் இதயம் இல்லை. ஈர மண்ணில் கால் பதிகிறது. அதற்கு மண்ணும் பாரமும் போதும், நினைவு வைத்துக்கொள்ள ஆள் வேண்டாம். ஒன்று சாட்சி, மற்றது தடம். சாட்சி பொய் சொல்லலாம், தடம் சொல்லாது. ஆனால் தடத்துக்குத் தன்னைப் பற்றிப் பேசத் தெரியாது. அது யார் கால் என்று சொல்ல மறுபடியும் ஒரு சாட்சி வேண்டும். என் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே தடவை நடந்து முடிந்துவிட்ட ஒன்றைப் பார்த்தவன், பார்க்காதவனிடம் என்ன கேட்கலாம்? பார்க்காதவன் எவ்வளவு தரக் கடமைப்பட்டவன்?

இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் எடுத்த எடுப்பில் அளவைகளைப் பற்றித்தான் பேசுகிறார். பிறர் ஆறு என்றும் அதற்கு மேலும் எண்ணுவதை மூன்றில் அடக்குகிறார்: காண்டல், கருதல், உரை. கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத் தக்கவன் சொன்னது. மணிமேகலையில் பேசும் பௌத்தர் இவற்றில் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒருவன் சொல்லை நம்புவதும் கடைசியில் ஊகம்தானே? இவன் இதுவரை பொய் சொன்னதில்லை, இதில் இவனுக்கு லாபமில்லை, ஆகவே இது மெய்யாக இருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. உரையைத் தனி அளவையாக வைப்பதா, கருதலுக்குள் அடக்குவதா என்பது தர்க்க நூல்களின் சண்டையாகத் தோன்றலாம். எனக்கு அது ஒழுக்கம் சார்ந்த சண்டை. உரை தனி அளவை என்றால் சாட்சி சொல்பவனுக்கு ஓர் அந்தஸ்து உண்டு. அது வெறும் ஊகம் என்றால், அவன் நமது கணக்கில் ஓர் எண்.

1748இல் டேவிட் ஹ்யூம் இரண்டாவது கட்சியை அதன் எல்லைவரை கொண்டுபோனார். அற்புதம் ஒன்றைக் கண்டதாக ஒருவன் சொன்னால், அவன் சொல் பொய்யாவது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அபூர்வப் பறவைகளைப் பற்றிய செய்திகளைச் சீர்தூக்க 1959இல் பிரிட்டனில் ஒரு கமிட்டி அமைந்தது. வாக்களிக்கும் உறுப்பினர்கள் பத்துப் பேர். பத்து அபூர்வ மனிதர்கள் என்று அவர்களைக் கேலியாகச் சொல்வதுண்டு. அவர்கள் ஹ்யூமின் தராசைக் கையில் வைத்திருப்பதுபோல் தோன்றும். பறவை அபூர்வமாக ஆக, கேட்கப்படும் சான்றின் கனம் கூடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'நீ யோக்கியனா' என்று கேட்பதில்லை. 'என்ன பார்த்தாய்' என்று கேட்கிறார்கள். காலின் நிறம், இறக்கையின் பட்டை, குரல், வெளிச்சம், தூரம், எத்தனை நேரம், ஒத்த தோற்றமுள்ள மற்றப் பறவையாக அது ஏன் இருக்க முடியாது. போதவில்லையென்றால் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு. பொய் என்று அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காப்பாற்றுவது ஒரு நாகரிகம்.

பறவை பார்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கோடியக்கரை உப்பளங்களில் பல பனிக்காலங்கள் நின்றவர். ஒரு விடியலில், அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததாகப் பதிவில்லாத ஒரு கரைப்பறவையைப் பார்த்தார். இருபது எண்ணுவதற்குள் அது உள்ளான் கூட்டத்தோடு எழுந்து போய்விட்டது. நோட்டில் எழுதினார். எங்கும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். 'நான் பாத்தேன்யா, அதுல எனக்குச் சந்தேகமே இல்லே. ஆனா நீ நம்பணும்னு கேக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?' என்றார். இதை நான் வெகுநாள் அடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசிக்கையில் இது அடக்கம் அல்ல, துல்லியம். காண்பது ஒருவனுக்கு நிச்சயத்தைத் தருகிறது. பிறர் நம்பிக்கையைக் கோரும் உரிமையைத் தருவதில்லை. அந்த உரிமை வேறு இடத்திலிருந்து வர வேண்டும். தான் சொன்னதை மற்றவன் சோதித்து மறுக்கக் கூடிய வழியை அவன் கையிலேயே கொடுத்தால்தான் அது வரும். நண்பரிடம் கொடுக்க அப்படி எதுவும் இருக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை பறவை வந்தது மெய். பதிவு மட்டும் நிகழவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி நடந்தது. 1890களிலிருந்து 1930 வரை அந்த வட்டாரத்தில் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு அபூர்வப் பறவைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஜார்ஜ் பிரிஸ்டோ என்பவர் கை வழியாக வந்தவை. துப்பாக்கி வியாபாரமும், இறந்த பறவைகளைப் பாடம் செய்து விற்கும் தொழிலும் அவருடையவை. பிரிட்டிஷ் மண்ணில் சுடப்பட்ட அபூர்வப் பறவைக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த அதே பறவையைவிடப் பல மடங்கு விலை. 1962 ஆகஸ்டில் ஒரு பறவையியல் சஞ்சிகையில் மாக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் ஃபெர்குசன்-லீஸும் இந்தப் பதிவுகளைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஜான் நெல்டர் என்ற புள்ளியியலாளர், ஹேஸ்டிங்ஸ் எண்களைப் பக்கத்து வட்டாரங்களோடும் பிற்காலத்தோடும் ஒப்பிட்டுக் காட்டினார். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை; எந்தத் தனிப் பறவையும் போலி என்று கையும் களவுமாகப் பிடிபடவில்லை. எண்கள் பேசின. 29 இனங்களும் உள்ளினங்களும் பிரிட்டிஷ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிரிஸ்டோ 1947இலேயே இறந்துவிட்டார்.

அறிவியலின் வெற்றி என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. நீக்கப்பட்டவற்றில் பெரும்பாலான பறவைகள் பின்னால் வேறு இடங்களில், வேறு சாட்சியங்களோடு பட்டியலுக்குத் திரும்பி வந்துவிட்டன. அவை பிரிட்டனுக்கு வரக் கூடியவைதான். ஹேஸ்டிங்ஸில் யோக்கியமான மனிதன் ஒருவன் மெய்யாகவே பார்த்தது ஏதாவது அந்தக் குவியலில் இருந்திருந்தால், அதுவும் பொய்யோடு சேர்ந்து போயிற்று. அதை மீட்க வழியில்லை. பொய்ச் சாட்சி செய்கிற முதல் அநியாயம் ஏமாந்தவனுக்கு அல்ல, பக்கத்தில் நிற்கிற மெய்ச் சாட்சிக்கு.

இரண்டாவது அநியாயம் இதைவிட விசித்திரமானது. அது நம் நாட்டில் நடந்தது. ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் - காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் - 1873இல் மத்திய இந்தியக் காட்டிலிருந்து ஒரு சிறு ஆந்தையை விவரித்தார். 1884க்குப் பிறகு அது மெய்யாகச் சேகரிக்கப்படவில்லை. ஆனால் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ராணுவ அதிகாரியின் சேகரிப்பில், 1914இல் குஜராத்தில் பிடித்ததாகச் சீட்டுக் கட்டிய ஓர் ஆந்தை இருந்தது. அவர் பெரிய பெயர். 1967இல் இறக்கும்வரை யாரும் பகிரங்கமாக அவரைத் தொடவில்லை. அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பமீலா ராஸ்முஸ்ஸன் அந்தத் தோலையே பரிசோதித்தபோது, அது 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த பறவை என்று தெரிந்தது. அருங்காட்சியகத்திலிருந்து திருடி, பஞ்சை மாற்றி, புதுச் சீட்டுக் கட்டியிருக்கிறார்கள். டேவிட்சன் பாடம் செய்த முறையின் அடையாளங்கள் உள்ளே மிச்சமிருந்தன. பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு மெய்ச் சீட்டுகள் காட்டிய இடங்களுக்குப் போனார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்கு அருகே, சாத்பூரா மலையடியில் அந்த ஆந்தை பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. 113 ஆண்டுகள். மோசடியைப் பற்றிய கட்டுரை 1999இல் வந்தது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சாட்சி பொய் சொன்னது. தடம், அதாவது அந்தத் தோல், சொல்லவில்லை. ஆனால் தடத்தைப் பேச வைக்க, சந்தேகப்படத் துணிந்த ஒரு மனம் வேண்டியிருந்தது. இன்னொன்று: பொய்ப் பதிவு இல்லாத ஒன்றைச் சேர்த்தது மட்டுமல்ல, இருந்த ஒன்றை மறைத்தது. தேடுகிறவர்களை அது வேறு காட்டுக்கு அனுப்பியது. பதிவு என்பது முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கிற வாக்கு. இங்கே வந்து பார், இருக்கும், அல்லது ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும் என்கிற வாக்கு. அதைப் பொய்யாகக் கொடுப்பவன் இன்னும் பிறக்காதவனையும் அலைய விடுகிறான்.

ஆனால் மெய்யான பதிவுக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள்? சுட்டது சரித்திரம், தப்பியது மர்மம் என்று விக்டோரியா காலத்துச் சேகரிப்பாளர்கள் சொல்வார்களாம். நிரூபணம் என்றால் உடல். சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த ஜெர்டன் கண்டறிந்து, 1848இல் விவரிக்கப்பட்ட ஒரு கல்குருவி இனம் 1900க்குப் பிறகு அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பாரத் பூஷண் அதைக் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் மீட்டெடுத்தார். காட்டிக்கொடுத்தவர் உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவர். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. எண்பத்தாறு வருஷமாக இல்லாதிருந்த பறவை, இருக்கிறது என்று ருசுவான கையோடு ஒன்று குறைந்தது.

இதைவிட என்னை உறுத்துவது 'மீட்டெடுத்தார்' என்று நான் எழுதிய சொல். யாரிடமிருந்து தொலைந்ததை? அந்தக் காட்டோரத்துக்காரர்களிடம் அதற்குக் கலிவிக்கோடி என்று பெயரே இருந்தது. இருக்கிற பறவைக்குத்தான் பெயர் புழக்கத்தில் இருக்கும். பறவை தொலைந்திருந்தது அட்டவணையில், ஊரில் அல்ல. அட்டவணைக்காரர்கள் கேட்க வரும்வரை ஊர்க்காரரின் காண்டல் உரையாகவில்லை. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத் தக்கவன் யார் என்று வரையறுக்கிறார்: விஷயத்தை நேரில் அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவன். இந்த இலக்கணம் ரிஷிக்கும், ஆரியனுக்கும், மிலேச்சனுக்கும் பொது என்று கூடவே சொல்கிறார். சாதியும் படிப்பும் சாட்சியின் தகுதியைத் தீர்மானித்த ஒரு சமூகத்தில் எழுதப்பட்ட வாக்கியம் இது. வரையறை அவ்வளவு விசாலம். நடைமுறைதான் சுருங்கிப் போயிற்று. ஹேஸ்டிங்ஸில் சந்தேகம் வேண்டியிருந்தது. கடப்பையில் நம்பிக்கை வேண்டியிருந்தது. எங்கே எது என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் என்னிடம் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் சொன்னது என்பதல்ல, போய்ப் பார்க்க வழி இருக்கிறதா என்பது. மைனர்ட்ஸ்ஹேகனின் பெயருக்காக நம்பினோம். பறவை பிடிப்பவரின் பெயருக்காகக் கேட்காமல் இருந்தோம். இரண்டும் ஒரே தவறு.

இனி இசைத்தட்டு. 1902 நவம்பரில் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரை உரக்கச் சொல்கிறார். ஜெர்மனியில் ஹானோவரில் தட்டு அச்சிடுகிறவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அது பாட்டு அல்ல, பார்சல் மேல் எழுதும் விலாசம். ஆனால் இன்று கேட்கும்போது அந்த ஒரு விநாடியில்தான் மனுஷி நெருங்கி வந்து நிற்கிறாள். தடத்துக்கு நடுவில் சாட்சி. கூட வாசித்த சாரங்கிக்காரனும் தபலாக்காரனும் பெயர் சொல்லவில்லை. அவர்கள் தடமாக மட்டும் மிஞ்சினார்கள். அந்தத் தட்டுகளின் அரக்கு நம் மரங்களில் ஒட்டிய பூச்சியிலிருந்து கிடைப்பது. இங்கிருந்து கப்பலேறியது, பாட்டாகத் திரும்பி வந்தது.

தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம் கொள்ளும். 1956இல் இறந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, தட்டில் சில நிமிஷங்கள். நேரில் கேட்டவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். 'இதுவா தோடி? அன்னிக்கு ராத்திரி கேட்டது தோடி' என்பார்கள். அவர்களோடு வாதாட முடியாது. அவர்கள் என் பறவை நண்பரின் இடத்தில் இருக்கிறார்கள். அன்றைய தோடி மெய்யாக இருக்கலாம்; இந்தச் சில நிமிஷத்தைவிட அது பெரிதாகவும் இருந்திருக்கும். ஆனால் எனக்கு அவர்கள் தருவது தோடி அல்ல, தங்கள் பரவசத்தின் செய்தி. தட்டு கீறலும் இரைச்சலுமாக, குறையோடு தருவது தோடியை. குறைபட்ட தடத்துக்கும் குறையில்லாத சாட்சிக்கும் நடுவில் நான் இரண்டையும் விட விரும்பவில்லை. தட்டு மட்டும் இருந்தால் அதுதான் அவர் வாசிப்பின் அளவு என்று எண்ணிவிடுவேன். சாட்சி மட்டும் இருந்தால் புராணம். பதிவின் எல்லையைச் சொல்லும் சாட்சியும், சாட்சியின் மிகையைக் கட்டும் பதிவும் ஒன்றுக்கொன்று காவல்.

தட்டுச் சேகரிக்கிறவர்களிடம் இன்னொரு குணம் உண்டு. எடைக்குப் போன வீட்டுச் சாமான்களிலிருந்து இவற்றை மீட்டவர்கள் அவர்கள்தான். நிறுவனங்கள் தூக்கி எறிந்ததை இவர்கள் தலையணைபோல் பாதுகாத்தார்கள். அந்த நன்றியை மறந்து பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரே பிரதி தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நகல் எடுத்தால் மதிப்புக் குறையுமாம். முன்பு இதற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது: எஃகு ஊசி ஒவ்வொரு தடவையும் பள்ளத்தைத் தேய்க்கும், கேட்பது என்றால் கொஞ்சம் அழிப்பது. இன்று ஒரு தடவை ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும். அதற்குப் பிறகும் மூடி வைப்பது காப்பாற்றுதல் அல்ல. முகம் தெரியாதவனுக்குக் கொடுத்த வாக்கை வழியில் மறித்துப் பிடித்துக்கொள்வது. பொய்ச் சீட்டுக் கட்டுகிறவனும் மெய்யைப் பூட்டுகிறவனும் வெவ்வேறு பாவம் செய்கிறார்கள். ஆனால் வாசலில் வந்து நிற்கிறவனுக்கு விளைவு ஒன்றுதான்.

புகைப்படம் வந்து துப்பாக்கியைப் பெரும்பாலும் ஓய்வு கொள்ளச் செய்தது. இனி உடல் வேண்டாம், படம் போதும் என்றானது. சாட்சியின் குணம் என்ன என்ற கேள்வியும் தீர்ந்துவிட்டதாக நினைத்தோம். இன்று இல்லாத பறவையின் படத்தை இயந்திரம் ஒரு நிமிஷத்தில் செய்து தருகிறது. இறந்த பாடகரின் குரலில் அவர் பாடாததையும் பாடிக் காட்டுகிறது. தடம் பொய் சொல்லாது என்று மேலே எழுதினேன். தடத்தைச் செய்ய முடிகிற காலத்தில் அந்த வாக்கியம் நிற்பதற்குச் சாட்சியின் தோள் வேண்டும். சுற்றி வந்து மறுபடி உரைக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்: நேரில் அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிற ஒருவன்.

இதையெல்லாம் ஓர் இலக்கியப் பத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். நாமும் அபூர்வங்களைப் பற்றிச் செய்தி சொல்கிறவர்கள்தான். 'மகத்தான கவிதை', 'தமிழில் இதுவரை நிகழாதது' என்று இதழுக்கு இதழ் எழுதுகிறோம். காலின் நிறம் என்ன, இறக்கையில் பட்டை உண்டா, ஒத்த தோற்றமுள்ள சாதாரணக் கவிதையாக அது ஏன் இருக்க முடியாது என்று சொல்வதில்லை. சொன்னவன் யார், எந்தக் கோஷ்டி என்று பார்த்து ஏற்கிறோம், தள்ளுகிறோம். நமது ரசனை மெய்யாக இருக்கலாம். மறுக்க வழி கொடுக்காத ரசனைக்குப் பிறர் சம்மதத்தைக் கேட்க உரிமை இல்லை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்கள் உறவினர்களையும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று விலக்கியது. திருடினார்கள் என்று சொல்லவில்லை. கணக்குக் காட்டவில்லை, அவ்வளவே போதுமானதாக இருந்தது.

1959இலிருந்து 1970 வரை வந்த 'எழுத்து' இதழ்களைப் புரட்டுகிறவனுக்கு அதை நடத்தியவரையோ எழுதியவர்களையோ தெரிந்திருக்க அவசியமில்லை. அவர்கள் எந்தக் கவிதையில் எந்த வரியைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பது இருக்கிறது. அவன் ஒத்துக்கொள்ளலாம், சண்டை போடலாம். சில நூறு பிரதிகள் அச்சாகிற பத்திரிகை செய்ய முடிந்த காரியம் அது. முகம் தெரியாத அவனிடம் நம் பெயர்கள் செல்லாது. என்ன பார்த்தோம், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் என்று எழுதி வைத்தால் போதும். 'நிரூபணமாகவில்லை' என்று அவன் தீர்ப்புச் சொன்னாலும் பாதகமில்லை. பொய் என்று சொல்ல மாட்டான்.